மேட்டோரம் ஒரு இடம்

“என்னை அந்த மேட்டுலயே போட்டுடுங்க.”

“முடியாதுப்பா. சட்டப்படி குத்தம்.”

“நடுவுல வேண்டாம். ஓரமா?”

“ஓரமும் கூடாது.”

“நான் ஒல்லியான ஆளு. எவ்வளவு இடத்தைப் பிடிச்சுடப் போறேன்?”

“எரிச்ச பிறகு எல்லாரும் ஒல்லிதான்ப்பா. அதுக்காக அரசாங்கம் இடம் கொடுத்துடுமா?”

அப்பாவுக்கும் மகளுக்கும் இந்தப் பேரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அப்பா, சாலையில் விழும் பனியைத் தள்ளுகிற வண்டியை ஓட்டியவர். ஊருக்கு மேலே மரமே இல்லாத பெரிய பொட்டல் ஒன்று உண்டு. முழங்கால் உயரக் குத்துச்செடிகளும் சதுப்பும் காற்றும் மட்டுமே குடியிருக்கிற இடம். அதன் குறுக்கே போகும் சாலையில் பனி கொட்டினால் வானம் எது, தரை எது என்று தெரியாது. அந்த மாதிரி நாளில் அவருக்கு வழி சொன்னது சாலை வளைவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் புதைமேடு ஒன்றுதான்.

“வலது கைப் பக்கம் கவுத்துவச்ச சட்டி மாதிரி அது தெரிஞ்சா, வளைவு வந்துடுச்சு, திருப்புன்னு அர்த்தம். தெரியலைன்னா, வண்டிய நிறுத்திட்டு டீ குடின்னு அர்த்தம்” என்பார்.

அந்தச் சட்டிக்கு அடியில் இருப்பவர்களுக்குக் காவல் இருப்பதுதான் மகளின் உத்தியோகம். தொல்லியல் துறையில் கள ஆய்வாளர். இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்து மக்கள், இறந்தவர்களை எரித்து, சாம்பலையும் எலும்பையும் தாழியில் இட்டுப் புதைத்து, மேலே கல்லும் மண்ணுமாகக் குவித்து வைத்த மேடு அது. பொட்டலில் அப்படி நிறைய மேடுகள். ஒவ்வொன்றையும் சுற்றித் துறையின் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குள் தோண்டக் கூடாது. கல்லை எடுக்கக் கூடாது. அன்போடு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கவும் கூடாது. ஆடு உரசுகிறதா, முயல் குடைகிறதா, ஆசைப்பட்டு யாராவது மேலே ஏறி நின்று படம் எடுத்து மண்ணைச் சரித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா அவளுக்கு ‘மேட்டுக்காரி’ என்று பட்டம் கட்டினார். அது எப்படியோ மலையிறங்கி அலுவலகத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

மேட்டுக்காரிக்கு வேலையை வாசலில் கழற்றி வைக்கத் தெரியாது. சாப்பிடும்போதும் மேடுதான் பேச்சு. கேட்க ஆள் இருந்தால் இன்னும் மோசம். தம்பியின் மனைவி கேட்பாள். அவளுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. மெழுகும் அச்சு மாவும் பிசைந்து பிசைந்து கைக்கு ஒரு நுணுக்கம் வந்திருந்தது. எது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

“தாழியத் தலைகீழாவா வைப்பாங்க, அண்ணி?”

“ஆமா. மேட்டைக் கட்டினவங்க நடுவுல வச்சாங்க. அதுக்கப்புறம் பல தலைமுறை கழிச்சு வந்தவங்க, தென்கிழக்குப் பக்கமா ஒரு குழி எடுத்து, தட்டைக் கல்லு ஒண்ணப் போட்டு, அது மேல தாழியக் கவுத்துடுவாங்க. விளிம்புக்குக் கீழ நகத்தால வரிசையா அழுத்தி ஒரு அலங்காரம் வேற.”

“ஏன் தென்கிழக்கு?”

“அவங்கள எழுப்பித்தான் கேக்கணும்.”

“அப்ப கட்டினவங்க வேற, உள்ள போய்ச் சேர்ந்துக்கிட்டவங்க வேறயா?” என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா! அவங்களுக்கெல்லாம் யாரு அனுமதி கொடுத்தா?”

“அப்ப நான் வேலைக்குச் சேரலப்பா.”

மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரித்தால் முன்பக்கம் வெறும் ஈறுதான் தெரியும். மருமகள் ஆசையாகச் செய்து கொடுத்த பல்செட் அலமாரியில் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் அவருக்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டிருக்கும். “அதப் போட்டா சோத்துக்கும் எனக்கும் நடுவுல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு” என்று கடைசி வரை அவர் அதைத் தொடவில்லை.

பனிக்காலம் தொடங்கும்போது அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். எரித்துச் சாம்பலை வாங்கித் தம்பி வீட்டு அலமாரியில் வைத்தார்கள், அதே தம்ளருக்குப் பக்கத்தில். பனி உருகட்டும், மூன்று பேருமாகச் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேச்சு. பனி உருகியபோது மேட்டுக்காரியை ஒரு பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் அலமாரியில் பெட்டியும் இல்லை, தம்ளரும் இல்லை.

“ஆத்துல கரைச்சுட்டோம்க்கா” என்றான் தம்பி, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே.

“நான் இல்லாமலா?”

“பெட்டி ஈரம் கோத்துக்கிச்சு. அதான்.”

“ஒரு போன் பண்ணியிருந்தா ராத்திரியே கிளம்பி வந்திருப்பேனே.”

அவன் குழாயை மூடவில்லை. கையில் கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான். சாலைத் துறை பணிமனையில் மெக்கானிக். அப்பா ஓட்டிய வண்டியை இப்போது பழுது பார்ப்பவன் அவன்தான். மேட்டுக்காரி அவன் சொன்னதை விழுங்கிவிட்டாள். ஆனால் அது கீழே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்தாள், மேட்டைப் பற்றிப் பேசினாள், எல்லாம் சரிதான். தொண்டையில் மட்டும் அது மீன் முள் மாதிரி நின்றது.

கோடையில் வழக்கமான பார்வைக்குப் போனாள். குத்துச்செடிகள் ஊதாவாகப் பூத்துக் கிடந்தன. ஒவ்வொரு முறையும் நிற்கிற இடங்களிலேயே நின்று படம் எடுத்தபடி மேட்டைச் சுற்றி வந்தவள், தென்கிழக்குச் சரிவில் நின்றுவிட்டாள். புதிதாக ஒரு முயல் வளை. வெளியே வாரிப்போட்ட மண் இன்னும் ஈரம் காயவில்லை. குப்புறப் படுத்து டார்ச்சை உள்ளே அடித்தாள். கருமண்ணுக்கு நடுவே ஒரு வளைவு. கல்லில் அப்படி ஒரு வளைவு வராது. கரும்பழுப்பு. கீழே தட்டையான கல். கல்லை ஒட்டி, கவிழ்ந்த விளிம்பு. விளிம்புக்கு மேலே வரிசையாக, பிறை பிறையாக, நகத்தால் அழுத்திய தடம்.

எத்தனையோ வருடம் மேடுகளைச் சுற்றி நடந்திருக்கிறாள். உள்ளே இருப்பவர்களில் ஒருவரையாவது நேரில் பார்த்ததில்லை. புத்தகத்தில் பார்த்ததும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததும்தான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டவில்லை. நீட்டவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட. படம் எடுத்தாள். சாலைக்கு ஓடிவந்து, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா அகழாய்வு செய்கிறவர். உயிரோடு இருக்கிற யாருக்கும் வைத்தியம் பார்க்க மாட்டார்.

“கவுந்தா இருக்கு?”

“கவுந்துதான் இருக்கு.”

“கீழ கல்லு?”

“தட்டைக் கல்லு.”

“நகத்தடம்?”

“தெளிவா இருக்கு, டாக்டரம்மா. நேத்து அழுத்தின மாதிரி.”

“அடிப் பாவி, என் வாழ்நாள்ல இந்தப் பொட்டல்ல முழுத் தாழி ஒண்ணு கிடைச்சதில்ல! முயல் இன்னொரு தடவ உதைச்சா உடைஞ்சுடும். உங்க சார்கிட்ட சொல்லி அவசர அனுமதி வாங்குங்க. வியாழக்கிழமை வந்துடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வீட்டுல சொல்லிக்கலாம்.”

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னாள். அப்பா போன பிறகு அந்த மேஜையில் அவள் முகம் அவ்வளவு மலர்ந்ததில்லை. காலிக் கோப்பையைத் தாழியாகவும், ரொட்டித் தட்டைக் கல்லாகவும் வைத்து விளக்கினாள்.

“இப்படிக் கவுந்திருக்கு. நான் சொல்வேனே, அப்படியே. தென்கிழக்குப் பக்கம், தட்டைக் கல்லு, நகத்தடம், ஒண்ணு விடாம. அப்பா இருந்திருந்தா எவ்வளவு… என்ன, ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?”

தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். தம்பி மனைவி தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

“எடுக்கப் போறாங்களா, அண்ணி?”

“வியாழக்கிழமை. எலும்ப லேபுக்கு அனுப்பி, வயசு பாத்து, ஆணா பெண்ணா, என்ன சாப்பிட்டாங்க, எல்லாம் தெரிஞ்சுடும்.”

“என்ன சாப்பிட்டாருன்னு நானே சொல்லிடுவேன்க்கா” என்றான் தம்பி. “உருளைக்கிழங்கு. பல்லில்லாம.”

மேட்டுக்காரிக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியபோது, கோப்பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தவள், போக இடமில்லாமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

“ஆத்துல கரைச்சேன்னு சொன்னே.”

“உனக்குத் தெரிஞ்சா நீ எழுதி அனுப்பியே ஆகணும். தெரியாம இருந்தா நீ தப்பிச்சே. அதுக்குத்தான் நீ ஊர்ல இல்லாத நாளாப் பாத்தோம். எனக்கு மட்டும் உன்ன விட்டுட்டுச் செய்யணும்னு ஆசையா?”

முள் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது.

“அந்தத் தாழி…”

“நான் செஞ்சதுதான்” என்றாள் தம்பி மனைவி. “சனிக்கிழமை மண்பாண்ட வகுப்புக்குப் போனேனே, அதுக்குத்தான். சூளையில வச்சா ரொம்பப் பளபளன்னு வருது, அண்ணி. நீங்க சொன்ன மாதிரி கொல்லையில விறகு அடுக்கிச் சுட்டோம். ரெண்டு வெடிச்சுடுச்சு. மூணாவது நின்னுச்சு. இரும்பு கிரும்பு எதுவும் வைக்கல. வச்சா உலோகம் தேடுற கருவியத் தூக்கிட்டு வர்றவங்களுக்குச் சத்தம் கேக்கும், தோண்டிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“எல்லாம் நான் சொன்னதுதான்!” மேட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். “கூடாதுன்னு சொன்னது மட்டும் யார் காதுலயும் விழல.”

“அக்கா, ஒண்ணு சொல்லு. பேர் தெரியாத, ஊர் தெரியாத ஒருத்தருக்குச் சட்டம், போர்டு, சிவப்புக் கோடு எல்லாம் இருக்கு. ஆயுசு பூரா அந்த ரோட்டுல எத்தனையோ பேர வழி தவறாம கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷனுக்கு ஒரு கைப்பிடி இடம் கிடையாதா?”

 அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்ததுதான். மேட்டைக் கட்டியவர்கள் யாரிடமும் மனுப் போடவில்லை. பின்னால் வந்தவர்களும் போடவில்லை. ‘நம்ம ஆள் இங்கதான் இருக்கணும்’ என்று ஒருவர் பின் ஒருவராக நினைத்ததுதான் மேடு. அப்படி நினைப்பதை நிறுத்தச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

“சரி, நான் சத்தமில்லாம போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்றான் தம்பி. “வியாழக்கிழமை அவங்க வந்தா ஒண்ணும் இருக்காது. முயல் உடைச்சுடுச்சுன்னு சொல்லிடு.”

“எடுக்கவும் அனுமதி வேணும்டா. போட்டது ஒரு குத்தம். எடுத்தா ரெண்டு.” சட்டென்று நிறுத்தினாள். “தோண்டும்போது என்ன பாத்தீங்க? உண்மையச் சொல்லு.”

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

“ஒரு பக்கமா மண்ணு கறுப்பா இருந்துச்சு, அண்ணி. கரி. அதுல வெள்ளையாச் சில்லு சில்லா… எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. பல்லோட வேலை பாக்குறவளுக்கு எலும்பு தெரியாதா? கைய எடுத்துட்டோம். வந்தத அப்படியே திருப்பி வச்சு மூடிட்டு, கொஞ்சம் தள்ளி வச்சோம்.”

“அதாவது, அங்க ஏற்கனவே ஒருத்தர் இருந்தார்.”

“ஆமா.”

“அவர் மேல மண்வெட்டி பட்டுச்சு.”

 பாத்திரத்தில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது மேட்டுக்காரி இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்தாள். மூச்சு விடாமல் இருந்துவிட்டால்? டாக்டரம்மா எப்படியும் தோண்டப் போகிறார். அப்பாவுக்கு ஒரு எண் போட்டு, பெட்டியில் வைத்து, லேபுக்கு அனுப்பி, அங்கே யாரோ சிரிக்கப் போகிறார்கள். வளை சரிந்து தாழி நொறுங்கிவிட்டது, தோண்ட வேண்டாம் என்று பொய் சொன்னால்? அப்பா அங்கேயே இருப்பார். முயலும் இருக்கும். வெட்டுப்பட்ட அந்த மனிதரை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அவருக்காகப் பேச இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அப்பாவுக்கு மூன்று பேர் இருக்கிறோம், அவருக்கு? நினைத்துக்கொண்டே வந்ததில் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை சார் அறைக் கதவைத் தட்டினாள். சார் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மேஜையில் கற்காலக் கோடரி ஒன்றை, போலிதான், பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருப்பார்.

“அந்தத் தாழி பத்தி, சார்.”

“வாங்க, வாங்க. மேலிடத்துல கூட சந்தோஷப்பட்டாங்க. எந்தக் காலமா இருக்கும்?”

“போன வசந்த காலம், சார்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“உள்ள இருக்கிறவர் யார்னு தெரியுமா?”

“எங்க அப்பா.”

முழுவதையும் சொன்னாள். எதையும் மெழுகவில்லை. விறகு அடுக்கிச் சுட்டதையும் சொன்னாள். கறுப்பு மண்ணையும் சொன்னாள். சார் கோடரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று அவள் கேட்கவில்லை.

“தம்பிய வரச் சொல்லுங்க. எழுத்துல எச்சரிக்கை கொடுத்துத்தான் ஆகணும். மறுபடி செஞ்சா கோர்ட்டு.”

“மறுபடி செய்ய வீட்டுல வேற யாரும் சாகல, சார்.”

“அது தம்பி கையில இல்ல. அப்புறம், தாழிய வெளிய எடுத்தாகணும். விட்டுவச்சா நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஒரு பானையோட வருவான். பக்கத்துல இருக்கிறவருக்கு என்ன ஆச்சுன்னும் பாக்கணும். டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, அந்தத் தண்டனை உங்களுக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்த மேடு இனிமே உங்க பொறுப்புல இருக்காது. மத்ததெல்லாம் இருக்கும். அது மட்டும் வேற ஆளுக்குப் போகும்.”

அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் கேட்டதும் கண் கலங்கியது. அப்பாவை எடுத்துவிடுவார்கள், மேட்டையும் எடுத்துவிடுவார்கள்.

“வியாழக்கிழமை நீங்க வரலாம்” என்றார் சார். “கயித்துக்கு வெளிய நிக்கணும். குடும்பத்தாரா.”

வியாழக்கிழமை காற்று ஆளைத் தள்ளியது. மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். டாக்டரம்மா பலகை ஒன்றின் மேல் குப்புறப் படுத்து, சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போனில் அவர் நகத்தடத்தைப் பற்றி இன்னொரு தடவை கேட்டார். பிறகு, “என்னை ஏமாத்தின முதல் ஆளு நீங்கதான், அதுவும் தெரியாமலே” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இன்றைக்கு என்ன கோபத்தில் எப்படிப் பிடுங்கிப் போடுவாரோ என்று மேட்டுக்காரிக்குப் பயம்.

ஆனால் அவர் ஒரு அவசரமும் காட்டவில்லை. அரசனைத் தோண்டினாலும் அதைவிட மெதுவாகத் தோண்டியிருக்க முடியாது. அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார். வரைந்தார். தாழியை அசைப்பதற்கு முன்னால், “ஐயா, கொஞ்சம் தூக்குறேன், பயப்படாதீங்க” என்று அதனிடம் சொன்னார். தாழிக்கு அடியில் இரண்டு கையும் கொடுத்து, கல்லோடு சேர்த்துத் தூக்கி, ஒரு போர்வையில் நிமிர்த்தி வைத்தார். கல்லை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“இது யாரு வேலை?”

சாம்பலுக்கு மேலே, இளஞ்சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாக, பல்செட் சிரித்துக்கொண்டிருந்தது.

“கூட ஏதாவது சாமான் வைப்பாங்கன்னு அண்ணி சொன்னாங்க” என்றாள் தம்பி மனைவி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “வீட்டுலதான் போடல. அங்கயாவது போட்டுக்கட்டும்னு…”

டாக்டரம்மா அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. பலகையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். “எத்தனை ஆயிரம் வருஷம் கழிச்சுத் தோண்டினாலும் இது மக்காதும்மா! எங்களுக்கு அப்புறம் வர்றவங்கள என்னமா குழப்பியிருப்பீங்க!” கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழியைத் தடவினார். “நல்லா செஞ்சிருக்கே. ஆனா விளிம்பு ரொம்பச் சமமா இருக்கு. அவங்க இவ்வளவு பொறுமையா செய்ய மாட்டாங்க.”

பிறகு சிரிப்பில்லாமல் தம்பியைக் கூப்பிட்டார். கயிற்றைத் தாண்டி ஒரே ஒரு அடி வர விட்டார். குழியின் பக்கச் சுவரில் கறுப்பு மண் ஒரு கிண்ணத்தின் பாதி போலத் தெரிந்தது. அடுத்த பாதி இல்லை. வெட்டு, கத்தியால் ரொட்டியை அறுத்தது போல நேராக இருந்தது.

“இதுதான் உங்க மண்வெட்டி. கை சுத்தம். ஆனா இவர் இங்க இத்தனை காலம் முழுசா இருந்தார்.”

தம்பி வெகுநேரம் பார்த்தான். வெள்ளைச் சில்லு ஒன்று வெயிலில் தெரிந்தது, பொடித்த முட்டை ஓடு மாதிரி.

“மன்னிச்சுக்குங்க” என்றான். டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

சிதறியதையெல்லாம் டாக்டரம்மா சேகரித்தார். மீதியை அப்படியே மூடி, முயல் நுழையாமல் கம்பிவலை போட்டு, பெயர்த்த செடிகளை வேரோடு திரும்ப நட்டார். தாழியைப் போர்வையோடு தூக்கி வந்து மேட்டுக்காரியின் கையில் கொடுத்தார். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நினைத்ததைவிட லேசாகவும் இருந்தது. அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பனி உருகியபோது அவளுக்கு விட்டுப்போனது இது.

“ஆத்துக்கா போறது?” என்றான் தம்பி.

தம்பி மனைவி சார் பக்கம் திரும்பினாள். சார் காரில் சாய்ந்து நின்று, பறக்கிற வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், உங்க சிவப்புக் கோடு எங்க முடியுது?”

“ஏன் கேக்குறீங்க?”

“சும்மா, தெரிஞ்சுக்கத்தான்.”

சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கார் பானெட் மேல் வரைபடத்தை விரித்து, விரலை ஓட்டினார். மேட்டின் அடிவாரத்தைச் சுற்றி ஒரு வளையம்; சாலை வளைவுக்கு முன்னாலேயே அது முடிந்துவிடுகிறது. “அந்த வெள்ளைக் கல்லு தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம் எங்களோடது இல்ல. ஆடு மேய்க்கிறவரோட நிலம். அங்க அவர் சம்மதம் போதும்.”

ஆட்டுக்காரர் பனியில் பல தடவை மாட்டியவர். கேட்டதும், “அவரில்லன்னா நான் எந்தப் பள்ளத்துல கிடந்திருப்பேனோ. இதுக்கு என்கிட்ட கேக்கணுமா?” என்றார். கேட்கத்தான் வேண்டும் என்று மேட்டுக்காரி அவரிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாலை வளைவுக்கும் மேட்டுக்கும் நடுவே, வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம், தம்பி குழி வெட்டினான். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் மண்ணைக் குனிந்து பார்த்தான். வெறும் மண்தான்; யாரும் இல்லை. தட்டைக் கல்லைப் போட்டான். தாழியை வைக்கிற இடத்தில் ஒரு சின்னச் சண்டை.

“கவுத்துத்தான் வைக்கணும்” என்றான் தம்பி.

“தலைகீழா எதுக்குங்க? மாமாவுக்குத் தலை சுத்தாதா?”

“பல்லு மேல சாம்பல் கொட்டும்டா” என்றாள் மேட்டுக்காரி. “நேரா வை.”

“அப்ப மழைத்தண்ணி போகும்.”

கடைசியில் கவிழ்த்தே வைத்தார்கள். வண்டி ஓட்டியவருக்கு அந்த வளைவில் வழி சொன்ன சட்டியும் கவிழ்ந்துதானே இருந்தது.

மண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது சாலையில் ஒரு கார் வந்து நின்றது. சார் இறங்கினார். விடுமுறை நாள் சட்டை.

“கோடு நகராம இருக்கான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.” வெள்ளைக் கல்லையும் குழியையும் ஒரு தடவை பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். காருக்குத் திரும்பியவர் கதவைப் பிடித்தபடி நின்றார். “ஒண்ணு சொல்லணும். இந்தக் கோடெல்லாம் அப்பப்ப மறுபடி வரைவாங்க. எப்பவும் பெரிசாத்தான் ஆகும், சின்னதா ஆனதில்ல. என் காலத்துலயே ரெண்டு தடவ. அதனால என்னைக்காவது உங்க அப்பாவும்…” சொல்லி முடிக்காமல் ஏறிப் போய்விட்டார்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மேட்டில் ஒரு பக்கம் ஊதாப் பூ உதிர ஆரம்பித்திருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அதை வேறொருவர் சுற்றி வருவார். மேட்டுக்காரி இங்கே வருவதற்கு இனி அலுவலகம் காரணம் ஆகாது. காரணம் இல்லாமல் வரலாம்.

“அப்பா இப்ப என்ன சொல்வார்க்கா?”

“என்ன சொல்வார்? இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டா என்னன்னு கேப்பார்.”

“நீ என்ன சொல்வே?”

அவள் குனிந்து, புதிதாக மூடிய மண்ணை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கிவிட்டாள்.

“கூடாதுப்பா” என்றாள்.